கோத்தகிரி மாடி அறையிலிருந்து போர் விமானம் ஓட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்து நிமிடம் ஏறி நடந்தால் எங்கள் வீடு. மாடியில் ஒரு அறை. அதில் மூன்று கணினி, இரண்டு ஜாய்ஸ்டிக், விமானத்தின் மூக்கை இடவலமாகத் திருப்புகிற கால்மிதிகளான ரடர் பெடல் ஒரு ஜோடி, கால் ஆடுகிற பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று. கணினியில் நிஜம்போலவே போர் விமானம் ஓட்டிப் பார்க்கிற சிமுலேட்டருக்காக ஞாயிற்றுக்கிழமை மதியம் ஏழெட்டுப் பேர் கூடுவோம். தேயிலை ஃபாக்டரியில் நைட் ஷிப்ட் முடித்து, தூங்கி எழுந்து வருகிறவர் ஒருவர். பிளஸ் ஒன் படிக்கிற பையன் ஒருவன். வெலிங்டன் பக்கம் குடியிருக்கிற ஓய்வுபெற்ற சுபேதார் ஐயா ஒருவர். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பதில் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிப்போகிறது. அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

"இது வீடியோ கேம்தானே தம்பி?" (பையனின் அம்மா கேட்டது)

கேம்தான் அக்கா, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் சாதாரண கேமில் பட்டனைத் தட்டினால் விமானம் கிளம்பிவிடும். இதில் முதல் ஞாயிறு முழுவதும் எனக்கு எஞ்சினை உயிர்ப்பிக்கவே போயிற்று.

அது மிக்-21 என்ற பழைய சோவியத் போர் விமானம். பேட்டரி, எரிபொருள் பம்புகள், கைரோ, ரேடியோ என்று வலது பக்கச் சுவிட்சுகளை வரிசையாகப் போட வேண்டும். எல்லாம் போட்டு எஞ்சின் உறுமியதும் பெருமையாக நகர்த்தினேன். முன்சக்கரத்துக்கு ஸ்டியரிங் கிடையாது என்பது அப்போது தெரியாது. கட்டுப்பாட்டுக் கோலில் இருக்கிற பிரேக் லீவரை அழுத்திக்கொண்டே பெடலை மிதிக்க வேண்டும். அப்போது ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பிடித்து விமானம் திரும்பும். நான் நேராகப் போய் நிறுத்தியிருந்த எரிபொருள் லாரியில் மோதினேன். அன்றைய யுத்தம் அத்தோடு முடிந்தது. ஒரு குண்டுகூடச் சுடவில்லை.

உங்கள் பையன் இங்கே வந்து பெரும்பாலும் செய்வது கையேடு படிப்பதுதான். சுடுவதற்கு அவனுக்கு இன்னும் முறை வரவில்லை.

எந்த சிமுலேட்டரில் தொடங்கலாம்?

காசு போடாமல் தொடங்க வேண்டுமென்றால் டிசிஎஸ் வேர்ல்டு. இலவசமாக இறக்கினாலே சு-25டி என்ற ரஷ்யத் தரைத்தாக்குதல் விமானமும், டிஎஃப்-51 என்ற ஆயுதமில்லாத இரண்டாம் உலகப்போர்க் கால மஸ்டாங்கும் கிடைக்கும். பறக்க காகசஸ் வரைபடமும் மரியானா தீவுகளும் உண்டு. மற்ற விமானங்களை ஒவ்வொன்றாக விலைக்கு வாங்க வேண்டும். அவசரப்படாதீர்கள்.

ஃபால்கன் பிஎம்எஸ் இன்னொரு வழி. 1998இல் வந்த ஃபால்கன் 4.0 என்ற பழைய எஃப்-16 சிமுலேட்டரை ஆர்வலர்கள் விடாமல் பழுதுபார்த்து, இன்றைக்கும் ஓடுகிற மாதிரி வைத்திருக்கிறார்கள். பிஎம்எஸ் இலவசம், ஆனால் மூல ஃபால்கனின் ஒரு பிரதி உங்களிடம் இருக்க வேண்டும். இதன் உயிர் அதன் போர்க்களம். கொரியத் தீபகற்பத்தில் நீங்கள் பறந்தாலும் பறக்காவிட்டாலும் யுத்தம் தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும். நேற்று நீங்கள் உடைக்காமல் விட்ட பாலத்தின் மேல் இன்றைக்கு எதிரி டாங்கி வரும்.

இரண்டாம் உலகப்போர் பிடித்தவர்களுக்கு ஐஎல்-2. பத்து நிமிடம் கிடைத்தால் போதும் என்கிறவர்களுக்கு வார் தண்டர். அதை மட்டமாகப் பேசுகிறவர்கள் எங்கள் கூட்டத்திலேயே உண்டு, நான் பேசமாட்டேன். சுற்றித் திரும்புவதற்கும் குறிபார்ப்பதற்கும் அது நல்ல பழக்கம் கொடுக்கும்.

எதை எடுத்தாலும் ஒரே ஒரு விமானம். ஆறு மாதம் அதை விட்டு இறங்காதீர்கள். இதை நான் கேட்கவில்லை. அதன் விளைவைக் கீழே மேகத்தைப் பற்றிச் சொல்கிற இடத்தில் படிக்கலாம்.

நம் விமானப்படையின் விமானங்கள் இதில் இருக்கின்றனவா?

சில இருக்கின்றன. டிசிஎஸ்-இல் மிக்-21பிஸ் உண்டு. நம் விமானப்படையில் மிக்-21 சேர்ந்தது 1963இல். 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைகொடுத்தார்கள். அறுபத்திரண்டு வருடம். சுபேதார் ஐயா அன்று மாலை வந்து, ஒன்றும் பேசாமல், மிக்-21ஐ ஒரு சுற்று சுற்றி இறக்கிவிட்டுப் போனார்.

மிராஜ் 2000சி உண்டு. 1985இல் நமக்கு வந்து, 1999இல் கார்கில் போரில் டைகர் ஹில் மேல் லேசர் குண்டு போட்டதன் நெருங்கிய சகோதரன் அது. மிக்-29இன் ஆரம்ப வடிவமும் இருக்கிறது. நம்மிடம் இருப்பது பிற்பாடு மேம்படுத்தியது. ஜாகுவாருக்கு இன்னும் முறை வரவில்லை.

தேஜஸ்? அதுதான் எல்லோரும் கேட்பது. மலைக்குக் கீழே சூலூர் விமானப்படைத் தளத்திலேயே பறந்தாலும் டிசிஎஸ்-இல் ஓட்டிப் பார்க்கிற முழு விமானமாக வரவில்லை. பாகிஸ்தான் ஓட்டுகிற ஜேஎஃப்-17 மட்டும் அழகாக, சுவிட்ச் சுவிட்சாக இருக்கிறது. எங்கள் பையனுக்கு இதில் தீராத வருத்தம். காரணம் எளிது. சேவையில் இருக்கிற விமானத்தின் ரேடார் என்ன பார்க்கும், இறக்கை எவ்வளவு தாங்கும் என்ற கணக்கை எந்த நாடும் சும்மா எடுத்துக் கொடுக்காது. சொந்தக்காரர் மனமுவந்து கொஞ்சம் விவரம் வெளியே விட்டால்தான் சிமுலேட்டர்காரர்கள் ஒன்றைச் செய்ய முடியும்.

நீலகிரி மேலேயே பறக்க முடியுமா?

சண்டை சிமுலேட்டரில் முடியாது. மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரில் உலகம் முழுவதும் இருக்கிறது, நம் மலையும் இருக்கிறது. எஃப்-18 சூப்பர் ஹார்னெட்டும் அதில் உண்டு, ஆயுதம் மட்டும் வேலை செய்யாது.

கோவை விமான நிலையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,300 அடி. தொட்டபெட்டா 8,650 அடி. ஓடுதளத்தை விட்டு எழுந்து வடமேற்கே திருப்பினால் ஒரு வாய் டீ குடிப்பதற்குள் மலை வந்து முகத்துக்கு நேரே நிற்கும். எல்லோரும் முதலில் தேடுவது தங்கள் வீட்டுக் கூரையைத்தான், நானும் தேடினேன். தேயிலைத் தோட்டம் எல்லாம் பச்சைத் துணி விரித்ததுபோல் மட்டமாகத் தெரியும், வீடுகள் ஏதோ வெளிநாட்டுக் கூரையோடு நிற்கும். ஆனால் பள்ளத்தாக்குகளின் வளைவு நிஜம். பர்லியார் பள்ளத்தில் நுழைந்து குன்னூர்வரை மலையை ஒட்டியே ஏறுவது என் பிடித்தமான பாதை.

என் ஜாய்ஸ்டிக் தானாகவே இழுக்கிறது. உடைந்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. ஈரம்.

இது நம் ஊருக்கே உரிய கேள்வி. விலை குறைந்த ஜாய்ஸ்டிக்குகளுக்குள் பொட்டென்ஷியோமீட்டர் இருக்கும்: ஒரு கரித்தடத்தின் மேல் உலோக நாக்கு ஒன்று உரசிக்கொண்டே நகர்ந்து கோல் எங்கே இருக்கிறது என்று சொல்லும். ஜூன், ஜூலையில் சுவரே வியர்க்கிற ஊரில் அந்தத் தடத்தில் ஈரமும் தூசியும் படிந்தால் அளவு துள்ளும். நேராகப் போகிற விமானம் திடீரென்று தலையை ஆட்டும். நான் முதலில் வைத்திருந்தது இரண்டு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை.

ஹால் சென்சார் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அதில் உரசல் கிடையாது. ஒரு காந்தம் நகர்வதை எட்ட இருந்தே அளக்கும். த்ரஸ்ட்மாஸ்டரின் டி.16000எம், விகேபி-யின் கிளாடியேட்டர் இரண்டிலும் கோலின் முக்கிய அச்சுகள் உரசலில்லாத வகை. பழையதே போதும் என்றால், பறந்து முடித்ததும் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்தோடு வைத்துவிடுங்கள். செருப்புக் கடையில் கேட்டால் கை நிறையத் தருவார்கள். அரிசி வேண்டாம், மாவு போய் உள்ளே உட்காரும். அவசரத்துக்கு, அமைப்பில் டெட்சோனை (நடுவில் கோல் லேசாக அசைந்தாலும் கண்டுகொள்ளாத இடம்) கொஞ்சம் கூட்டினால் நடுவில் துள்ளுவது நிற்கும். ஆனால் வான்வழி எரிபொருள் நிரப்பும்போது அதே டெட்சோன் உங்களைப் பழிவாங்கும்.

ரடர் பெடல், விஆர் எல்லாம் கட்டாயமா?

பெடல் கட்டாயமில்லை. முறுக்குகிற ஜாய்ஸ்டிக் போதும். மிக்-21, ஹெலிகாப்டர் இரண்டுக்கும் மட்டும் பெடல் இருந்தால் சுகம்.

தலையைத் திருப்பிப் பார்க்கிற வசதிதான் மிக முக்கியம். எதிரியைக் கண்ணிலிருந்து விட்டவன் தோற்றான். சாதாரண வெப்கேமராவும் ஓபன்ட்ராக் என்ற இலவச மென்பொருளும் போதும். நீங்கள் தலையைக் கொஞ்சம் திருப்பினால் திரையில் பார்வை நிறையத் திரும்பும்.

கண்ணில் மாட்டிக்கொள்கிற திரையான விஆர் தருகிற அனுபவம் வேறு. பக்கத்தில் இறக்கை நிஜமாகவே நீள்கிறது. ஆனால் பலருக்கு முதல் வாரம் குமட்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுகிற பஸ்ஸில் வாந்தி வருவதன் மறுபக்கம் இது. பஸ்ஸில் காது அசைவை உணர்கிறது, கண் முன்சீட்டையே பார்க்கிறது. விஆர்-இல் கண் அசைவைப் பார்க்கிறது, காது நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறது. இரண்டு சாட்சியும் முரண்பட்டால் வயிறு கோபித்துக்கொள்ளும். பத்துப் பத்து நிமிடமாகப் பழகுங்கள். குமட்டினால் உடனே கழற்றுங்கள்.

சண்டையில் எப்போதும் என் வேகம் தீர்ந்துபோகிறது. என்ன தப்பு செய்கிறேன்?

கோலை இழுத்துக்கொண்டே இருக்கிறீர்கள். இதற்கு எங்கள் ஃபாக்டரிக்காரர் சொல்கிற விளக்கத்தைவிட நல்லதை நான் எங்கும் படித்ததில்லை. அவர் முன்பு டீத்தூள் லோடு லாரி ஓட்டியவர்.

பர்லியாரிலிருந்து குன்னூருக்கு லோடோடு ஏறுகிற லாரியைப் பாருங்கள். கொண்டைஊசி வளைவுக்குள் நுழைந்த பிறகு டிரைவர் கியரைத் தேடுவதில்லை. வளைவு வருவதற்கு முன்பே இறக்கிவிடுவார். வளைவுக்குள் வேகத்தை விட்டால் திரும்ப எடுக்க வழியில்லை என்று அவருக்குத் தெரியும். விமானமும் அப்படித்தான். உயரமும் வேகமும் ஒரே காசின் சில்லறை. உயரத்தை விட்டால் வேகம் வாங்கலாம், வேகத்தை விட்டால் உயரம் வாங்கலாம். கோலை ஓங்கி இழுத்துத் திரும்புவது அந்தக் காசை ரோட்டில் வீசுவது. இறக்கை காற்றை அதிகக் கோணத்தில் வெட்டும்போது இழுவை பலமடங்காகும். எஞ்சினால் ஈடுகட்ட முடியாது.

மிக்-21, மிராஜ் போன்ற முக்கோண இறக்கைகளில் இது இன்னும் கொடுமை. முதல் திருப்பம் பிரமாதமாக வரும். ‘ஆஹா, மாட்டினான்’ என்று தோன்றும். அரைச் சுற்று முடிவதற்குள் வேகமானியைப் பார்த்தால் பாதி போயிருக்கும். அதற்குப் பிறகு நீங்கள் ஓட்டுவது விமானமல்ல, சுடுவதற்காக ஆகாயத்தில் நிறுத்திவைத்த ஒரு இலக்குப் பலகை.

ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு நல்ல திருப்ப வேகம் உண்டு. அதற்கு மேலே போனால் வட்டம் பெரிதாகும். அதே ஜி-யில் (திருப்பத்தில் உடம்பை அழுத்துகிற விசையின் அளவு) வேகம் இரட்டித்தால் வட்டத்தின் ஆரம் நான்கு மடங்கு. கீழே போனால் இழுக்கவே முடியாது. அந்த எண்ணை ஒரு காகிதத்தில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டுங்கள். அதற்குக் கீழே முள் இறங்கினால் கையைத் தளர்த்தி, மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி, காசை மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள்.

உயரத்தில் இன்னொரு விஷயம். வேகமானி காட்டுவது காற்றின் அழுத்தத்தை வைத்துத்தான். மேலே காற்று மெலிவதால் ஆயிரம் அடிக்குச் சுமார் 2 சதவீதம் என்ற கணக்கில் உண்மை வேகம் முள் காட்டுவதைவிடக் கூடுதலாக இருக்கும். கடற்கரையில் சரியாக வந்த திருப்பம் மலை மேல் அகலமாகப் போய்ப் பாறையில் முடிவது இதனால்தான்.

மேகத்துக்குள் போனதும் விழுந்துவிடுகிறேன். ஏன்?

இந்தப் பக்கத்தை எழுத ஆரம்பித்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

நம் ஊரில் மேகம் மேலே இருக்கிற பொருளல்ல. பிற்பகல் மூன்று மணிக்குப் பள்ளத்திலிருந்து ஏறி வந்து வாசலில் நிற்கும். ஐந்து நிமிடத்தில் எதிர்வீட்டுச் சுவர் காணாமல் போகும். நடந்து போகிறவனுக்குக் காலடியில் பாதை இருக்கிறது. பறக்கிறவனுக்கு அது இல்லை.

காதுக்குள் அரைவட்டக் குழாய்கள் மூன்று இருக்கின்றன. அவற்றில் உள்ள திரவம் நகர்வதை வைத்துத்தான் உடம்பு திரும்புவதை அறிகிறது. ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால் இருபது விநாடிக்குள் அந்தத் திரவமும் கூடச் சேர்ந்து சுற்றத் தொடங்கிவிடும். அப்போது உடம்பு "நேராகப் போகிறாய்" என்று சொல்லும். நிஜமாகவே நேராக்கினால் "மறுபக்கம் சாய்கிறாய்" என்று அலறும். வெளியே அடிவானம் தெரிந்தால் கண் காதைத் திருத்தும். மேகத்துக்குள் திருத்த ஆள் இல்லை. விமானி தன் உணர்வை நம்பி மெல்லச் சாய்ந்து, உயரம் இறங்குவதைக் கண்டு கோலை இழுப்பார். சாய்ந்த விமானத்தில் கோலை இழுத்தால் ஏறாது, சுருள் இன்னும் இறுகும்.

சிமுலேட்டரில் காது ஏமாறுவதில்லை, நாற்காலி நகர்வதில்லையே. ஆனாலும் விழுகிறோம். காரணம், நாம் கருவியைப் படிக்கப் பழகவில்லை. கண் வெள்ளைத் திரையிலேயே எதையாவது தேடிக்கொண்டிருக்கும்.

என் கதையைச் சொல்கிறேன். எஃப்-18இல் மூன்று மாதம் ஓட்டிவிட்டு, ஒரே விமானம் என்ற விதியை மீறி, சு-25டி-யில் ஏறினேன். காகசஸ் மலை, தாழ்ந்த மேகம். மேற்கத்தியச் செயற்கை அடிவானக் கருவியில் விமானச் சின்னம் அசையாது; அடிவானக் கோடுதான் சாயும். ரஷ்ய மரபில் தலைகீழ்: அடிவானம் நேராக நிற்கும், சின்னவிமானம் சாயும். மேகத்துக்குள் நுழைந்ததும் கோல் லேசாக வலப்பக்கம் போயிருக்கிறது. கருவியில் ஒரு சாய்வு தெரிந்தது. பழக்கதோஷத்தில் அதை எதிர்ப்பக்கமாகப் படித்து, இன்னும் வலப்பக்கமே அழுத்தினேன். சாய்வு கூடியது. இன்னும் அழுத்தினேன். மேகத்தின் அடிவயிற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தபோது எனக்கு மேலே பைன் மரங்கள் தெரிந்தன. அவை ஏன் மேலே இருக்கின்றன என்று யோசிக்கக் கிடைத்தது அரை விநாடி.

அன்றிலிருந்து எங்கள் வழக்கம் இது. புதிதாக வருகிறவர் ஆயுதத்தைத் தொடுவதற்கு முன் முழு மேகத்துக்குள் இருபது நிமிடம் பறக்க வேண்டும். செயற்கை அடிவானம், உயரமானி, மறுபடி அடிவானம், வேகமானி, மறுபடி அடிவானம், திசைகாட்டி. கண் ஒவ்வொரு தடவையும் அடிவானத்துக்கே திரும்பி வந்துதான் அடுத்த கருவிக்குப் போக வேண்டும். வாயால் சொல்லிக்கொண்டே செய்தால் சீக்கிரம் படியும். குழம்பினால் முதலில் இறக்கையை நேராக்கு, அப்புறம்தான் கோலை இழு.

மிக்-21இன் கருவிப் பலகையில், நடுவில், மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைக் கோடு வரைந்திருக்கும். பலர் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். விமானம் கட்டுப்பாடிழந்து சுழலும்போது விமானிக்குக் கோலின் நடு எது என்றே தெரியாது. அப்போது கோலை அந்த வெள்ளைக் கோட்டுக்கு நேராகத் தள்ள வேண்டும். உடம்பு என்ன சொன்னாலும் கோடு சொல்கிற இடம்தான் நடு.

2021 டிசம்பர் குன்னூர் ஹெலிகாப்டர் விபத்தை இதில் ஓட்டிப் பார்க்கலாமா?

தொழில்நுட்பமாகப் பார்த்தால், எம்ஐ-17இன் மூத்த சகோதரனான எம்ஐ-8 டிசிஎஸ்-இல் உண்டு, முடியும். எங்கள் அறையில் செய்வதில்லை.

2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டனுக்கு வந்த எம்ஐ-17வி5, காட்டேரி அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத் உட்பட அதில் இருந்த பதினான்கு பேரும் இறந்தார்கள். கடைசியாக ஒரு வாரம் போராடி குரூப் கேப்டன் வருண் சிங். பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறியதால் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்தது, விமானிக்குத் திசையுணர்வு தடுமாறியது என்று 2022 ஜனவரியில் வெளியான முதற்கட்ட விசாரணை முடிவு சொன்னது.

அந்த ஊர்க்காரர்கள் வீட்டிலிருந்த கம்பளியை எடுத்துக்கொண்டு ஓடியவர்கள். அதை விளையாட்டாக ஓட்ட எங்களுக்குக் கை வராது. மேகத்துக்குள் பறக்கிற பயிற்சியை முதலில் வைத்ததற்கு அந்த நாளும் ஒரு காரணம்.

ஏவுகணை துரத்தினால் என்ன செய்வது?

முதலில் எந்த வகை என்று பாருங்கள். வெப்பத்தைத் துரத்துவது என்றால் அதை ஏமாற்ற எரிகிற ஃபிளேரை வீசுங்கள், கூடவே எஞ்சினுக்குப் பின்னால் கூடுதல் நெருப்பு மூட்டுகிற ஆஃப்டர்பர்னரை அணையுங்கள். அடுப்பை எரியவிட்டுக்கொண்டு தீக்குச்சியை வீசுவதில் பயனில்லை. ரேடார் ஏவுகணை என்றால் நம்மைப் போன்ற மலைக்காரர்களுக்கு வசதி: ஒரு முகட்டுக்குப் பின்னால் இறங்குங்கள். ரேடார் பாறையைத் துளைக்காது.

மலை இல்லாவிட்டால் நாட்ச். நவீன ரேடார் தன்னை நோக்கி வருகிற, விலகுகிற வேகத்தை வைத்துத்தான் விமானத்தைத் தரையிலிருந்து பிரித்தறிகிறது. ஏவிய எதிரியைச் சரியாக உங்கள் தோளுக்கு நேரே, தொண்ணூறு டிகிரியில் வைத்துத் தாழப் பறந்தால், அவனை நோக்கிய உங்கள் வேகம் பூஜ்யம். ரேடாருக்கு நீங்களும் ஒரு பாறை. கோணம் தவறினால் மறுபடி விமானமாகிவிடுவீர்கள். ஆகவே இதில் முக்கால்வாசி அதிர்ஷ்டம் என்று யாராவது சொன்னால் நான் மறுக்கமாட்டேன்.

சத்தம் கேட்கிறது, ஆனால் ஜெட்டைக் காணோம். எங்கே பார்ப்பது?

சத்தம் வருகிற இடத்தில் பார்க்காதீர்கள். ஐந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கிற விமானத்தின் ஒலி நம்மை வந்துசேர ஏறக்குறைய 15 விநாடி ஆகும். அதற்குள் அது மூன்று நான்கு கிலோமீட்டர் முன்னே போயிருக்கும். சத்தத்துக்கு நன்றாக முன்னால் கண்ணை ஓட்டுங்கள். டிசம்பர், ஜனவரிக் காலையில் கொடநாடு பார்வைமுனையிலிருந்து பழகலாம்.

சின்னதாக, பின்னால் கிடைவால் இல்லாத முக்கோணமாகத் தெரிந்தால் தேஜஸ். தேஜஸ் ஓட்டுகிற 45ஆம் படையணி 2018இல் சூலூருக்கு வந்தது. 2020 மே 27 அன்று 18ஆம் படையணியும் அங்கே தேஜஸோடு செயல்படத் தொடங்கியது. 1971இல் நாட் விமானத்தில் தனியாளாக ஸ்ரீநகரைக் காத்து உயிர்விட்ட நிர்மல் ஜித் சிங் செகோனின் படையணி அது. விமானப்படையில் பரம் வீர் சக்ரா பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். பெரிதாக, இரட்டைச் செங்குத்து வாலோடு போனால் சுகோய்-30; தஞ்சாவூரிலிருந்து வந்திருக்கலாம். இறக்கைக்கு மேலே எஞ்சின் தூக்கி வைத்ததுபோல் இருக்கிற இரட்டை விசிறி விமானம் ஏஎன்-32. 2024 ஆகஸ்டில் தரங் சக்தி பயிற்சிக்கு ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன் விமானப்படைகள் சூலூருக்கு வந்தன. அந்த வாரம் எங்கள் பையன் பள்ளியில் கழுத்து வலி என்று லீவ் கேட்டான், உண்மையாகவே வலித்திருக்கும்.

படம் எடுக்கலாமா? இதையெல்லாம் பேசினால் சிக்கல் வராதா?

வீட்டு மாடியிலிருந்து ஆகாயத்தைப் பார்ப்பதில் சிக்கல் இல்லை. படைத்தளம், வெலிங்டன் வளாகம், அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை ஆகியவற்றின் பக்கம் கேமராவைத் தூக்காதீர்கள், டிரோன் பற்றி நினைக்கவே வேண்டாம். பலகை வைத்திருக்கிறார்கள், படியுங்கள்.

பேச்சில் நாங்கள் வைத்திருக்கிற விதி ஒன்றுதான். சுபேதார் ஐயாவிடம் வேலை பற்றி யாரும் எதுவும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. வாதத்தில் ஜெயிக்க வேண்டுமென்ற வெறியில் மனிதன் என்ன செய்வான் என்பதற்கு வார் தண்டர் ரசிகர்களே உதாரணம். 2021இல் ஒருவர், கேமில் பிரிட்டனின் சேலஞ்சர் 2 டாங்கியைத் தப்பாகச் செய்திருக்கிறார்கள் என்று நிரூபிக்க ராணுவக் கையேட்டின் பக்கங்களையே பொதுவில் போட்டார். அதற்கப்புறமும் வேறு நாட்டு ஆவணங்கள் வந்தன. ஒரு கேமில் டாங்கியின் கணக்கைத் திருத்த வேலையையும் விடுதலையையும் பணயம் வைக்கலாமா?

விமானப்படையில் சேர இது உதவுமா அண்ணா?

கொஞ்சம். கருவி படிப்பது, வரிசை தவறாமல் செய்வது, ரேடியோவில் சுருக்கமாகப் பேசுவது எல்லாம் படியும். மற்றபடி பிளஸ் டூ-வில் இயற்பியலும் கணிதமும் வேண்டும். பிறகு என்டிஏ என்ற தேசியப் பாதுகாப்பு அகாடமி, அல்லது பட்டம் முடித்து ஏஎஃப்கேட் என்ற விமானப்படை நுழைவுத் தேர்வு. விமானிகளுக்கான கணினித் தேர்வு ஒன்று இருக்கிறது; வாழ்நாளில் ஒரே தடவைதான் எழுத முடியும், தவறினால் விமானிப் பிரிவுக்குக் கதவு மூடியது. உயரம், கால் நீளம், உட்கார்ந்த உயரம் எல்லாம் அளப்பார்கள், கண் முக்கியம். பெண்களும் என்டிஏ வழியாகவே போகலாம்.

சிமுலேட்டர் கற்றுத்தராதது ஜி. ஒன்பது ஜி-யில் உங்கள் தலை ஒன்பது மடங்கு கனக்கும், ரத்தம் காலுக்கு இறங்கும், கண் ஓரத்திலிருந்து இருட்டும். அதைத் தாங்க வயிற்றையும் தொடையையும் இறுக்கி மூச்சைப் பிடிக்கப் பயிற்சி வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டு ஒன்பது ஜி இழுப்பவர்கள் அதிகம் பேசக் கூடாது. ஓடு, படி ஏறு. நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை.

கரன்ட் போனால்?

போகும். காற்றுக்காலத்தில் ஒரு சில்வர் ஓக் மரம் கம்பி மேல் சாய்ந்தால் அன்று மாலை முடிந்தது. கணினிக்கும் இணைய மோடத்துக்கும் தனித்தனியாக யுபிஎஸ் வையுங்கள். மோடத்தை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். டிசிஎஸ் நூறு ஜிபியைச் சுலபமாகத் தாண்டும். இங்கே இறக்க முடியாதவர்கள் கோயம்புத்தூரில் உறவினர் வீட்டில் இறக்கி, ஹார்ட் டிஸ்க்கில் எடுத்துவந்து, ரிப்பேர் கட்டளையை ஓட்டினால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை வர என்ன கொண்டுவர வேண்டும்?

சொந்த ஹெட்ஃபோன் இருந்தால் போதும். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வாருங்கள், ஹீட்டரும் மூன்று கணினியும் ஒன்றாக ஓடினால் ஃபியூஸ் போகிறது. செருப்பைக் கட்டாயம் வாசலில் விடுங்கள். போன மாதம் யாரோ தோட்டத்து மண்ணோடு பெடலை மிதித்ததில், இடது பெடல் இன்னும் பாதியில் நிற்கிறது.